25 வருடத்துக்கு மேல் பழைய ஹேங் கிளைடரை வாங்கலாமா?

ஹேங் கிளைடர் என்பது அலுமினியக் குழாய்ச் சட்டகத்தில் துணிப் பாயை விரித்த இறக்கை; அதன் அடியில் வாரில் தொங்கிக்கொண்டு எஞ்சின் இல்லாமல் பறப்பார்கள். கேட்டவரின் நிலைமை இது. சிறு குன்றுகளில் அடிப்படைப் பயிற்சி முடிந்திருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் 1990-களில் செய்த ஹேங் கிளைடர் ஒன்று பல வருடமாகப் பையைவிட்டு வெளியே வராமல் கிடக்கிறது. கிட்டத்தட்டச் சும்மா தருகிற விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். வாங்கலாமா? வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்? அதில் பறப்பது எப்படி இருக்கும்? அப்புறம் வருடா வருடம் என்ன பராமரிப்பு?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது உங்கள் எடைக்கும் பயிற்சிக்கும் ஏற்ற மாடலாக இருந்தால் வாங்கலாம். ஆனால் விலை குறைவாக இருப்பது ஏன் என்று புரிந்துகொண்டு வாங்குங்கள். யாரோ ஒருவர் செய்யாமல் தள்ளிப்போட்ட வேலையெல்லாம் அந்தப் பைக்குள் கிளைடரோடு சேர்ந்து மடிந்து கிடக்கிறது. பாயைக் கழற்றி, குழாய்களைப் பிரித்து, கம்பிகளை மாற்றி, ஒவ்வொரு போல்ட்டையும் கையில் எடுத்துப் பார்ப்பதற்குச் சில வாரக் கடைசிகள் போகும். அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல பேரம் கிடைக்காது. பிடிக்காது என்றால் இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்து, ஒழுங்காகப் பராமரித்த, ஐந்தாறு வருடப் பழையதாக ஒன்றை வாங்குவது மேல்.

தயாரித்த வருடத்தைப் பார்த்தவுடன் பலர் மிரள்வார்கள். அது அவ்வளவு முக்கியமில்லை. 1995-இல் செய்து நூறு மணி நேரம் மட்டும் பறந்து, உலர்ந்த அறையில் பைக்குள் இருந்த கிளைடரும் உண்டு. 2015-இல் செய்து, பயிற்சிப் பள்ளியில் தினமும் காலையிலிருந்து மாலைவரை வெயிலில் விரித்து வைத்திருந்த கிளைடரும் உண்டு. நான் முதலாவதைத்தான் எடுப்பேன். பாயைத் தின்பது வெயில். கம்பியைத் தின்பது மடிப்பும் உப்பும். குழாயைக் கெடுப்பது மூக்குக் குத்திய இறக்கங்கள். ஆகவே விற்பவரிடம் ‘எத்தனை வருடம்’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், எத்தனை மணி நேரம் விரித்துக் கிடந்தது, கடலோரத்தில் பறந்ததா, எத்தனை முறை எதை உடைத்தீர்கள் என்றும் கேளுங்கள். ‘ஒருமுறைகூட உடைத்ததில்லை’ என்கிறவரைவிட, ‘பக்கத் தண்டு நாலு மாற்றியிருக்கிறேன், ஒருதரம் வலப்பக்க முன்குழாயும் போச்சு’ என்கிறவரை நான் அதிகம் நம்புவேன். (பக்கத் தண்டு என்பது கையால் பிடிக்கிற முக்கோணத்தின் பக்கவாட்டுக் குழாய், முன்குழாய் என்பது இறக்கையின் முன்விளிம்புக் குழாய்.)

அடுத்து, அது எந்த வகை என்பது. இங்கே வருடத்துக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, ஏனென்றால் இந்த விளையாட்டின் வரலாறே விபத்துகளிலிருந்து கற்றுக்கொண்ட வரலாறு. ஃபிரான்சிஸ் ரொகாலோவும் அவர் மனைவி கெர்ட்ரூடும் 1940-களின் கடைசியில் வடிவமைத்த மடங்கும் இறக்கைதான் எல்லாவற்றுக்கும் மூலம். 1963-இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டனில் ஜான் டிக்கின்சன் அதில் முக்கோணப் பிடியைப் பொருத்தி, விமானி ஊசல் போலத் தொங்கிக்கொண்டு உடலை நகர்த்தியே திருப்புகிற அமைப்பைக் கொண்டுவந்தார். இன்றைக்கும் நாம் பிடித்துக்கொண்டு பறப்பது அந்த முக்கோணத்தைத்தான். 1970-களின் தொடக்கத்தில் வந்த கிளைடர்கள் ஒரு மீட்டர் இறங்கி நாலு மீட்டர் முன்னே போனாலே பெரிய விஷயம். 1980 வாக்கில் வந்த காமெட் என்ற கிளைடர், இறக்கைகளை விரித்துப் பிடிக்கும் குறுக்குக் குழாயை இரண்டு அடுக்குப் பாய்க்குள் மறைத்து, இந்தச் சறுக்கு விகிதத்தை ஒரே தாவலில் உயர்த்தியது. 1990-களின் நடுவில், மேல்கம்பிகளைத் தாங்கி இறக்கையின் மேலே நிற்கும் கிங்போஸ்ட் தண்டே இல்லாத போட்டிக் கிளைடர்கள் வந்தன. அதே காலத்தில், 1994-இல், வில்ஸ் விங் நிறுவனம் எதிர்த் திசையில் போய் ஃபால்கன் என்ற ஒற்றைப் பாய்க் கிளைடரை, அதாவது பாயில் இரண்டாவது அடுக்கு இல்லாததை, கொண்டுவந்தது. மெதுவாகப் பறக்கும், சொன்ன பேச்சைக் கேட்கும், சுலபமாக இறங்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்களுக்கு வருகிற 1990-களின் கிளைடர் ஃபால்கன் வகையாகவும் இருக்கலாம், அந்தக் காலத்துப் போட்டிக் கிளைடராகவும் இருக்கலாம். இரண்டும் ஒரே வயது. முதலாவது உங்களுக்கு நல்ல ஆசிரியர். இரண்டாவது, குன்றுப் பயிற்சி மட்டும் முடித்தவரை முதல் இறக்கத்திலேயே கவிழ்த்துவிடும். பழைய போட்டிக் கிளைடர்கள்தான் மிக மலிவாகக் கிடைக்கும். காரணம், அனுபவசாலிகள் அதைவிடப் புதியதைத் தேடிப் போய்விட்டார்கள், கற்றுக்குட்டிகளால் அதைப் பறக்க முடியாது. அப்படி வாங்குவார் இல்லாமல் கிடப்பதைத்தான் புதியவர்கள் பேரம் என்று நினைத்து வாங்குகிறார்கள். பழைய கிளைடரால் வருகிற காயங்களில் துருப்பிடித்த கம்பிக்கு இருப்பதைவிட இந்தப் பொருத்தமின்மைக்குப் பங்கு அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

சான்றிதழ் ஒட்டி இருக்கிறதா பாருங்கள். அமெரிக்கத் தயாரிப்பு என்றால் எச்.ஜி.எம்.ஏ. (ஹேங் கிளைடர் தயாரிப்பாளர் சங்கம்), ஜெர்மன் என்றால் டி.எச்.வி. (ஜெர்மன் ஹேங் கிளைடிங் சங்கம்). இது வெறும் முத்திரை இல்லை. இந்தச் சோதனையில் கிளைடரை வண்டியின் மேல் பொருத்தி ஓட்டி, எவ்வளவு பாரத்துக்கு முறிகிறது, மூக்கு கீழே போனால் தானாக மீள்கிறதா என்று அளந்திருப்பார்கள். இரண்டாவது கேள்வி ஏன் பெரியது என்று கொஞ்சம் விளக்க வேண்டும்.

ஹேங் கிளைடருக்கு வால் கிடையாது. சாதாரண விமானத்தில் மூக்கு கவிழாமல் பார்த்துக்கொள்வது வால். இங்கே அந்த வேலையைச் செய்வது பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையின் நுனிகளும், பாயின் பின்விளிம்பு சற்று மேல்நோக்கி வளைந்திருப்பதும்தான். ஆனால் பாய் துணி. காற்று மேலிருந்து அடித்தாலோ, வேகம் மிக அதிகமாகிக் காற்றின் கோணம் குறைந்தாலோ, துணி கொடியைப் போலப் படபடத்து அந்த வளைவு காணாமல் போகும். 1970-களின் கிளைடர்களில் பல பேர் இறந்தது இப்படித்தான்: மூக்கு கீழே, பாய் படபடப்பு, மீள வழியில்லை. அதற்குத்தான் கிங்போஸ்ட் உச்சியிலிருந்து பின்விளிம்புக்கு மெல்லிய கம்பிகள் போட்டார்கள். நுனியில் துணி ஒரு அளவுக்குக் கீழே இறங்காதபடி உள்ளே சின்னத் தடிகளையும் வைத்தார்கள். சாதாரணமாகப் பறக்கும்போது அந்தக் கம்பிகள் தளர்ந்தே தொங்கும், ஒரு வேலையும் செய்யாதது போல இருக்கும். அதனால்தான் பழைய கிளைடரில் அவற்றை யாரும் கவனிப்பதில்லை. கையேட்டில் அவற்றின் நீளமும் நுனித் தடிகளின் உயரமும் அளவோடு கொடுத்திருக்கும். அளந்து பாருங்கள். முந்தைய உரிமையாளர் வேகத்துக்கு ஆசைப்பட்டு நுனித் தடிகளை இறக்கி வைத்திருக்கலாம். போட்டிக்குப் போனவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. அப்படி மாற்றிய கிளைடருக்கு அந்தச் சான்றிதழ் பொருந்தாது.

சான்றிதழ் முறை வருவதற்கு முந்தைய, 1970-களின் அசல் ரொகாலோ வகை கிடைத்தால் என்ன செய்வது என்று கேட்டால், சுவரில் மாட்டி வையுங்கள் என்பேன். மணல்மேட்டில் ஆளுயரத்தில் பறக்கிற பழம்பொருள் பிரியர்கள் உண்டு. அது அவர்களுக்கு.

சரி, பையைத் திறப்போம். முதலில் விற்பவரையே விரித்துக் கட்டச் சொல்லுங்கள், நீங்கள் கை வைக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார், எந்தப் பின்னை ‘இது இப்படித்தான் கொஞ்சம் மக்கர் பண்ணும்’ என்று தட்டி ஏற்றுகிறார் என்று பார்த்தாலே பாதி கதை தெரிந்துவிடும்.

பாய் பெரும்பாலும் டாக்ரான், அதாவது பாலியெஸ்டர் துணி. புதுத் துணி காகிதம் மாதிரி மொடமொடக்கும். பழசாகித் துவண்டிருந்தால் பழைய வேட்டி மாதிரி மெத்தென்று இருக்கும். துவண்டதாலேயே அது பலவீனம் என்று சொல்ல முடியாது. பறக்கும் தன்மை குறைந்திருக்கும், அவ்வளவுதான். பலவீனத்தைச் சொல்வது வெயிலின் தடம். மேல்பக்கத்து வண்ணத்தையும் மடிப்புக்குள் ஒளிந்திருந்த துணியின் வண்ணத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளுப்பு அதிகம் என்றால் துணிக்கு முன்பே தையல் நூல் போயிருக்கும். நூல் மேலே துருத்திக்கொண்டு நேரடியாக வெயிலைக் குடிக்கிறது. மேல்பக்கத் தையலை நகத்தால் அழுத்தி இழுத்துப் பாருங்கள், நூல் பொடிப்பொடியாக வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். துணிக்கு ஊசியும் வில் தராசும் கொண்ட ஒரு சோதனை உண்டு: குறிப்பிட்ட தடிமன் ஊசியைத் துணியில் குத்தி, குறிப்பிட்ட பாரத்துக்கு இழுத்து, கிழிகிறதா என்று பார்ப்பார்கள். பாய் தைக்கும் பட்டறைகளில் அந்தக் கருவி இருக்கும். இதில் தோற்ற பாயை ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. புதுப் பாயோ கிளைடரின் விலையையே தாண்டிவிடும். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டிய முதல் விஷயம் பாய். மற்றது எல்லாம் மாற்றக்கூடியது.

பைக்குள் மடிந்திருக்கும்போது உலோகப் பாகங்கள் உரசித் துணியில் சின்னத் துளைகள் விழும். மூக்குப் பக்கம், கிங்போஸ்ட் அடி, முக்கோணத்தின் மூலை படுகிற இடங்களில் தேடுங்கள். விரலளவுத் துளைக்கு ஒட்டுத்துணி போதும். பின்விளிம்பிலோ, பேட்டன் என்ற வளைந்த தடிகளைச் செருகும் பையின் முனையிலோ கிழிசல் என்றால் தையல்காரரிடம் போக வேண்டும், ஏனென்றால் இழுவிசை முழுவதும் அங்கேதான்.

அடுத்து குழாய்கள். பழைய கிளைடர்களில் 6061 வகை அலுமினியம் அதிகம், பின்னால் 7075 வகையும் வந்தது. குழாயின் நுனியில் ஒரு கண்ணை வைத்து, துப்பாக்கியில் குறி பார்ப்பது போல நீளவாக்கில் பாருங்கள். வளைவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் தெரிந்துவிடும். அமுக்குவிசை தாங்குகிற குழாய்களில், அதாவது குறுக்குக் குழாயிலும் முக்கோணத்தின் பக்கத் தண்டிலும், சிறு வளைவுக்கும் மன்னிப்பு இல்லை. நேரான உறிஞ்சு குழலை மேலிருந்து அழுத்தினால் நன்றாகத் தாங்கும்; நடுவில் லேசாக நெளித்துவிட்டு அழுத்துங்கள், உடனே மடங்கும். அதே கணக்குதான் இங்கேயும். நிமிர்த்திவிடலாமே என்று தோன்றும். பதப்படுத்திய அலுமினியத்தை வளைத்து நிமிர்த்தினால் பலம் திரும்பி வராது. பக்கத் தண்டு வளைந்தால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதைப் போடுங்கள். அது வளைவதற்காகவே வைத்த பாகம் என்றுகூடச் சொல்லலாம், உங்கள் கை முறிவதற்குப் பதிலாக அது முறிகிறது. இரண்டு தண்டுகளை எப்போதும் கையிருப்பில் வையுங்கள்.

முன்விளிம்புக் குழாயில் குறுக்குக் குழாய் இணைகிற இடம், மூக்குத் தகடு, போல்ட் துளைகள் ஆகியவற்றை பாயைக் கழற்றாமல் பார்க்க முடியாது. கழற்றியே ஆக வேண்டும். துளை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவாக நீண்டிருக்கிறதா? துளையின் ஓரத்தில் மயிரிழை விரிசல் உண்டா? ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களுக்கு நடுவே வெள்ளைப் பொடி இருந்தால் அது அரிப்பு. கடலோரத்தில் பறந்ததற்கான சாட்சி. பொடியைத் தட்டிவிட்டு உள்ளே குழி விழுந்திருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள், குழி இருந்தால் குழாயை மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, உலோகச் சோர்வு. எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே எத்தனை முறை பாரம் ஏற்றினாலும் தாங்கும். அலுமினியத்துக்கு அப்படி வரம்பு இல்லை. ஒவ்வொரு சுமையும் கணக்கில் ஏறும். ஆனால் நடைமுறையில் நான் பார்த்த முறிந்த குழாய்களெல்லாம் யாரோ நசுக்கியதாலோ வளைத்ததாலோ முறிந்தவை. சோர்வை எண்ணித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கம்பிகள் பற்றி நான் சொல்வது சுருக்கம்: கீழ்ப்பக்கக் கம்பிகளைச் சோதிக்காதீர்கள், மாற்றுங்கள். முக்கோணத்தின் கீழ் மூலையிலிருந்து குறுக்குக் குழாய் முனைக்குப் போகிற அந்த இரண்டு கம்பிகள்தான், இறக்கைகள் மேலே மடிந்துவிடாமல் பிடித்துக்கொண்டிருப்பவை. தடிமன் 2.4 மி.மீ. சுமாராக இருக்கும். ஒன்று அறுந்தால் மாற்று ஏற்பாடு கிடையாது. ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் விரிக்கும்போதும் கம்பி வளைகிறது. அதுவும் முனையில் அழுத்திய செப்புக் குழலை ஒட்டி, ஒரே இடத்தில். உள்ளிழை அறுவது வெளியே தெரியாது. தயாரிப்பாளர்கள் பலரும் வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். என்னுடைய இரண்டாவது கிளைடரில் கம்பிகளுக்கு அழகான கறுப்பு பிளாஸ்டிக் உறை இருந்தது. கைக்கு இதம், கண்ணுக்கும் நேர்த்தி. மாற்றிய பிறகு சும்மா ஆர்வத்தில் பழையதன் உறையைக் கீறிப் பார்த்தேன். செப்புக் குழலுக்கு ஒரு விரலளவு தள்ளி, ஏழு புரியில் இரண்டு அறுந்திருந்தன, மூன்றாவது துருவில் பழுப்பாக இருந்தது. முந்தின வாரம்தான் அதை நம்பி மலையுச்சியிலிருந்து குதித்திருந்தேன்.

மற்றக் கம்பிகளை மெல்லிய துணியால் பிடித்து நீளம் முழுக்க உருவுங்கள், அறுந்த இழை துணியில் சிக்கும். முனை வளையம் அதன் தகட்டில் கோணலாக மாட்டிக்கொண்டு பாரம் ஏறியிருந்தால் கம்பியில் நிரந்தர வளைவு விழுந்திருக்கும், அதையும் தூர எறியுங்கள். புதுக் கம்பிகளைத் தயாரிப்பாளரிடமிருந்தோ அங்கீகரித்த விற்பனையாளரிடமிருந்தோ வாங்குங்கள். வீட்டில் சுத்தியலும் திருகு உளியும் வைத்துக் குழலை அழுத்துகிற சாமர்த்தியசாலிகளை எனக்குத் தெரியும். நல்லவர்கள், ஆனால் அவர்கள் செய்த கம்பியில் நான் தொங்கமாட்டேன்.

பேட்டன்கள், அதாவது பாயின் பைகளுக்குள் செருகுகிற வளைந்த அலுமினியத் தடிகள், இறக்கையின் வடிவத்தையே தீர்மானிப்பவை. ஒவ்வொரு மாடலுக்கும் உண்மை அளவில் ஒரு வரைபடம் இருக்கும். தரையில் விரித்து, ஒவ்வொன்றையும் கோட்டின் மேல் வைத்து, கால் அங்குலத்துக்கு, அதாவது 6 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தால் முழங்காலில் வைத்து மெல்ல வளைத்துச் சரிசெய்ய வேண்டும். இது ஒரு மாலைப்பொழுது வேலை. பழைய கிளைடரில் செலவில்லாமல் அதிகப் பலன் தருகிற வேலையும் இதுதான். நான் வாங்கிய ஒரு கிளைடர் எப்போதும் இடப்பக்கம் திரும்பிக்கொண்டே இருந்தது. முன்குழாயைப் பார்த்தேன், நேர். நுனியைத் திருகிப் பார்த்தேன், கொஞ்சம்தான் குறைந்தது. மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு வரைபடத்தைத் தேடிப் பிடித்து வைத்துப் பார்த்தால், இடப்பக்க நாலாவது தடியும் வலப்பக்க நாலாவது தடியும் வேறு வேறு வளைவு. எப்போதோ ஒன்று தொலைந்து, வேறு கிளைடரின் தடியை யாரோ நறுக்கிப் போட்டிருக்கிறார்கள்.

ஒருபக்கம் திரும்பும் நோய் பழைய கிளைடர்களில் மிகச் சாதாரணம் என்பதால் வரிசையைச் சொல்கிறேன். முதலில் பேட்டன், அப்புறம் முன்குழாய்கள் நேராக இருக்கின்றனவா, அப்புறம் இரண்டு பக்கமும் பாயின் இழுப்பு ஒரே அளவா. இவை மூன்றும் சரியான பிறகுதான் நுனியில் பாயைப் பிடித்திருக்கும் செருகியைத் திருப்ப வேண்டும். இடப்பக்கம் திரும்புகிறது என்றால், வலப்பக்க நுனியில் பின்விளிம்பு சற்றே உயரும்படி திருப்பினால் அந்தப் பக்கத் தூக்குவிசை குறைந்து சமமாகும். எந்தப் பக்கம், எவ்வளவு என்பது கையேட்டில் இருக்கும். செருகியிலேயே ஆரம்பித்தால் நோயை விட்டுவிட்டு அறிகுறிக்கு மருந்து போட்ட கதைதான்.

உங்களைக் கிளைடரோடு இணைக்கும் தொங்கு வாரும் அதன் மாற்று வாரும் நைலானோ பாலியெஸ்டரோ எதுவானாலும், பழைய கிளைடரோடு வந்தவற்றை வெட்டி எறிந்துவிட்டுப் புதியது போடுங்கள். ஒரு சாப்பாட்டு வேளைச் செலவுதான், ஆனால் உங்கள் மொத்த எடையும் அதில்தான். பூட்டு நட்டுகளின் உள்ளே இருக்கும் நைலான் வளையம் தேய்ந்து விரலாலேயே திருக முடிந்தால் அதையும் மாற்றுங்கள். கடையில் கிடைக்கிற சாதாரண போல்ட்டைப் போடாதீர்கள். விமானத் தர போல்ட், அதே நீளம். மரை துளைக்குள் உட்காராதபடி நீளம் சரியாக இருக்க வேண்டும்.

கிளைடரோடு ஹார்னஸும் (விமானி உடம்பில் மாட்டிக்கொண்டு தொங்குகிற கச்சை) பாராசூட்டும் சேர்த்துத் தருகிறேன் என்பார்கள். ஹார்னஸ் உங்கள் உயரத்துக்குப் பொருந்தினால், தையலும் வார்களும் வெளுக்காமல் இருந்தால், வைத்துக்கொள்ளலாம். பழைய பாராசூட்டை நான் எடுக்கமாட்டேன். பல வருடம் பிரிக்காமல் கிடந்ததில் ரப்பர் வளையங்கள் உருகிக் கயிறுகளில் ஒட்டியிருக்கும். துணியின் மடிப்புகள் பிரியவே யோசிக்கும். ஒரு தடவைகூட பயன்படுத்தாத புத்தம் புது மாதிரி என்பது இங்கே பெருமை இல்லை. புதியது வாங்கி, வருடத்துக்கு ஒருமுறையாவது பிரித்துக் காற்றாட விட்டு மடியுங்கள்.

இனி பறப்பது. எல்லா வேலையும் முடிந்ததும் நேராக மலையுச்சிக்குப் போகாதீர்கள். நீங்கள் பயிற்சி எடுத்த அதே சிறு குன்றில், அமைதியான மாலைக் காற்றில், முதலில் தூக்கிக்கொண்டு ஓடிப் பாருங்கள். இறக்கை இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குகிறதா, மூக்கு எந்த நிலையில் நிற்க விரும்புகிறது என்று தோளுக்கே தெரியும். அப்புறம் சிறு தாவல்கள். கைகளைத் தளர்த்தினால் தானாக எந்த வேகத்தில் போகிறதோ அது தொங்கும் இடத்தைப் பொறுத்தது. நடுக்குழாயில் தொங்கு வாரை முன்னே நகர்த்தினால் வேகம் கூடும், பின்னே நகர்த்தினால் குறையும். முதல் நாளில் சற்று வேகமாகவே வையுங்கள். வேகம் குறைந்து தூக்குவிசை இழக்கிற விளிம்பில் பறப்பதைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் போவது நல்லது.

உங்கள் எடை முக்கியம். ஒட்டியிருக்கும் வாசகத்தில் விமானியின் எடை வரம்பு இருக்கும். ஹார்னஸ், தலைக்கவசம், பாராசூட் எல்லாம் சேர்த்ததா, உடம்பு மட்டுமா என்று கையேட்டில் பாருங்கள். பெரிய கிளைடரில் லேசான ஆள் தொங்கினால், உடலை எவ்வளவு தள்ளினாலும் கிளைடர் கேட்காது, காற்றுதான் ஓட்டும். துவண்ட பழைய பாய் இன்னும் மந்தமாக்கும். அதே வாசகத்தில் வேக வரம்பும், மூக்கு மேலும் கீழும் 30 பாகைக்கு மிகாமல், பக்கச் சாய்வு 60 பாகைக்கு மிகாமல் என்ற வரம்பும் இருக்கும். அவை புதுக் கிளைடருக்குச் சொன்னவை. பழையதில் அந்த ஓரத்துக்கே போகாதீர்கள். என்னுடையதில் மத்தியான வெப்பக் காற்றோட்டம் கொந்தளிக்கிற நேரத்தை விட்டுவிடுகிறேன். மாலையில் சரிவில் மோதி மேலே எழுகிற மெத்தென்ற காற்று போதும். இப்படிப் பறப்பவருக்கு 1990-களின் ஒற்றைப் பாய்க் கிளைடருக்கும் இன்றையதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. வித்தியாசம் தெரிவது எதிர்க்காற்றில் தூரம் போக வேண்டியவர்களுக்குத்தான்.

பறக்குமுன் சோதனை எப்போதும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரு சுற்று வந்து அதே இடத்தில் முடியட்டும். யாராவது பேச்சுக் கொடுத்து இடையில் நின்றால் மீண்டும் முதலிலிருந்து. கீழ்ப்பக்கக் கம்பியின் நடுவில் காலை வைத்து சுமார் 30 கிலோ பாரத்துக்கு மிதித்துப் பாருங்கள். மாட்டாமல் விட்ட பூட்டு ஊசி, பாதி ஏறிய போல்ட் எல்லாம் தரையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். கடைசியாக, ஹார்னஸைத் தொங்கு வாரோடு இணைக்கும் கேரபினர் கொக்கி மாட்டியிருக்கிறதா என்பது. வாரில் தொங்கிப் படுத்துச் சரிபார்த்தது பத்து நிமிடம் முன்னால் என்றால் அது செல்லாது. ஓடத் தொடங்குவதற்குச் சில நொடிகள் முன்பு கிளைடரைத் தோளுக்கு மேல் உயர்த்தி, வார் காலிடுக்கில் இறுகுவதை உணர்ந்த பிறகு ஓடுங்கள். மாட்டாமலே ஓடியவர்களில் அனுபவசாலிகள் நிறைய.

வருடாந்தர வேலை மேலே சொன்னதிலேயே பெரும்பாலும் வந்துவிட்டது: கீழ்ப்பக்கக் கம்பியும் தொங்கு வாரும் மாற்றுவது, பேட்டன் ஒப்பிடுவது, பாயைக் கழற்றிச் சட்டகத்தைப் பார்ப்பது. தினசரிப் பழக்கத்தில்தான் ஆயுள் இருக்கிறது. இறங்கியதும் அரட்டை அடிக்கப் போகுமுன் மடித்துப் பையில் போடுங்கள், அல்லது நிழலில் வையுங்கள். ஈரமாக மடித்திருந்தால் அன்றைக்கே வீட்டில் விரியுங்கள், பூஞ்சை ஒரு வாரம்கூடக் காத்திருக்காது. உப்புக்காற்றில் பறந்தால் நல்ல தண்ணீரில் சட்டகத்தையும் கம்பிகளையும் கழுவுங்கள். மணல் புகுந்த பையை உதறாமல் வண்டியில் ஏற்றினால், வழி முழுக்க உப்புக்காகிதம் போட்டுப் பாயைத் தேய்த்த மாதிரி. வண்டியின் மேல் ஏற்றும்போது மூன்று இடத்தில் தாங்கல் கொடுங்கள், மெத்தை சுற்றுங்கள். வண்டிக் கூரையின் இரண்டு கம்பிகளில் மட்டும் தொங்கிக் குதித்துக்கொண்டு போகிற கிளைடர், வானத்தில் வாங்காத அடியைச் சாலையில் வாங்கும். ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள்: எத்தனை மணி நேரம், எப்படி இறங்கினேன், எதை மாற்றினேன். அடுத்து வாங்குபவர் நீங்கள் இன்று தேடுவதைத் தேடுவார்.

என்றைக்காவது பாய் ஊசிச் சோதனையில் தோற்கும், அல்லது உங்கள் மாடலுக்கு உதிரிபாகம் வருவது நின்றுவிடும். அப்போது அதை மலிவு விலைக்கு விற்காதீர்கள், ‘சும்மா தரையில் பழகத்தான்’ என்று கேட்கிறவருக்கும் கொடுக்காதீர்கள். பாயை மூக்கிலிருந்து பின்விளிம்புவரை குறுக்கே இரண்டாக வெட்டுங்கள். அந்தத் துணியில் நல்ல பைகள் தைக்கலாம்.